எந்த ஜெனீவா?

எங்கள் ஊருக்கு ஜெனீவா என்று பேர் வைத்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் நாலு வார்த்தை கேட்கலாம். சிகாகோவில் ரயிலேறி மேற்கே ஒரு மணி நேரம் வந்தால் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் நாங்கள் இருக்கிறோம். ஏரி கிடையாது, பனிமலை கிடையாது. கோடையில் கொசுவும் குளிர்காலத்தில் வழுக்குப் பனியும் தாராளமாக உண்டு. பேரை மட்டும் இரவல் வாங்கியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஊருக்குக் கிழக்கே, காட்டெருமை மேய்கிற புல்வெளிக்கு அடியில் நாலு மைல் சுற்றளவில் ஒரு வளையத்தைத் தோண்டி, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதவைத்து, இந்த உலகம் எதனால் ஆனது என்று பார்க்கிற ஆய்வுக்கூடத்தையும் கட்டிவிட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அசல் ஜெனீவாவிலும் அதே தொழில்தான். அங்கே வளையமும் பெரிது, சாப்பாடும் நன்றாக இருக்கும் என்று போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

ஒரே பேர், ஒரே தொழில், இரண்டு ஊர். குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா? அங்கே கூட்டத்துக்குப் போகவேண்டிய இத்தாலிக்காரர் ஒருவர் எங்கள் ஊர் விடுதியில் அறையைப் பதிவு செய்துவிட்டு, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் போய் இறங்கி, பெட்டியும் கையுமாகத் தெருத்தெருவாக அலைந்தார். அதிலிருந்து ஆய்வுக்கூடத்தில் யாராவது "அடுத்த வாரம் ஜெனீவா போறேன்" என்று வாயைத் திறந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் ஒரே குரலில் கேட்பார்கள்: "எந்த ஜெனீவா? நல்லதா, நம்மளதா?"

இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டது தான்தான் என்று ஹார்லன் எக்ப்ளாட் அடித்துச் சொல்வான். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் நம்பியதில்லை. அவன் மனைவி மார்லிஸ் மட்டும் நம்பினாள். வேறு வழியில்லை, வீட்டுச் சமையலறையிலும் அவன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஹார்லன் விஞ்ஞானி இல்லை. கப்பல்படையில் ரேடார் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். எழுபத்து மூன்றில் வளையத்தின் கட்டுப்பாட்டு அறையில் சேர்ந்தான். கேள்வி கேட்பது விஞ்ஞானிகளின் வேலை, எந்திரத்தை ஓட்டுவது ஹார்லன் மாதிரி ஆட்களின் வேலை. இரவு பகல் என்று மாறிமாறி வருகிற ஷிப்ட். மார்லிஸ் அப்போது மூன்றாம் தெருவில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றவன், பல்லைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது அவளைக் காபிக்குக் கூப்பிட்டான்.

அந்தக் காபிக்கடையில் அவன் பேசியதை மார்லிஸ் இன்றைக்கும் அப்படியே சொல்வாள்.

"வெளிச்சம் இருக்கில்ல, அதுக்கு எடை கிடையாது. அதனால அதால ஒரு எடத்துல நிக்கவே முடியாது. பொறந்ததுலேர்ந்து ஓட்டம்தான். உனக்கும் எனக்கும் எடை இருக்கு. அதனாலதான் இப்படி உக்காந்து காபி குடிக்கிறோம். அந்த எடையை யாரு குடுத்தா? ஒரு துகள் இருக்கணும்ங்கிறாங்க. இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

"பாத்துட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. தெரியும், அவ்வளவுதான்."

"இதைச் சொல்லித்தான் எல்லாப் பொண்ணுங்களையும் மயக்குறியா?"

"பல்லு புடுங்கின வாயோட இவ்வளவுதான் முடியும்."

படித்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எடையைக் கொடுப்பது எங்கும் பரவிக் கிடக்கிற ஒரு புலம், துகள் அந்தப் புலத்தில் எழும்புகிற சின்ன அலை மட்டும்தான், புலம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஓங்கி அடித்து அலையை எழுப்பிப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பெரிய வளையம் என்று விளக்குவார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு யாரும் கல்யாணம் செய்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை. மார்லிஸ் செய்துகொண்டாள். குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் யாரிடமும் பேசமாட்டார்கள், நானும் பேசப் போவதில்லை.

ஹார்லனின் வாழ்க்கை முழுக்க எதிர்ப்புரோட்டானைச் சேர்ப்பதில் போயிற்று. ஒரு பக்கத்திலிருந்து புரோட்டான் வரும், மறுபக்கத்திலிருந்து அதற்கு நேர் எதிரியான எதிர்ப்புரோட்டான் வரவேண்டும், இரண்டும் முட்ட வேண்டும். புரோட்டான் எங்கும் கிடைக்கும். எதிரியைத்தான் செய்ய வேண்டும். நிக்கல் வில்லை ஒன்றின்மேல் லட்சம் புரோட்டானை அடித்தால் ஒன்றிரண்டு எதிர்ப்புரோட்டான் தெறித்து வரும். அவற்றைப் பிடித்து, அடக்கி, எதன்மேலும் படாமல் சுற்றவிட்டுக்கொண்டே சேர்க்க வேண்டும். எதைத் தொட்டாலும் அழிந்துபோகிற சரக்கு அது. கிட்டத்தட்ட ஒரு நாள் சேர்த்தால்தான் ஒரு தடவை மோதவிடக் காணும். மின்னல் அடித்தால் போச்சு. குளிருக்கு ஒதுங்கிய ரக்கூன் எங்கேயோ கம்பியைக் கடித்தால் போச்சு. கை தவறி ஒரு பொத்தானை அழுத்தினாலும் ஒரு நாள் உழைப்பு கண்ணிமைக்கிற நேரத்தில் போய்விடும்.

அப்படிச் சேமிப்பைத் தொலைத்தவன் மறுநாள் எல்லாருக்கும் டோனட் வாங்கி வரவேண்டும். கட்டுப்பாட்டு அறையின் எழுதாத சட்டம் இது. யாரும் திட்டமாட்டார்கள், மேலதிகாரியிடம் போட்டுக்கொடுக்க மாட்டார்கள். டோனட் வந்துவிட்டால் விவகாரம் முடிந்தது. கண்ணாடிபோல் சர்க்கரைப் பாகு பூசியதா, சாக்லேட்டா என்று மட்டும் சண்டை நடக்கும்.

தொண்ணூற்றைந்தில் எங்கள் வளையம் ஒரு துகளைப் பிடித்தது. தங்கத்தின் அணு எவ்வளவு கனமோ கிட்டத்தட்ட அவ்வளவு கனம், ஒற்றைத் துகளுக்கு. உலகத்தில் அதற்கு முன் யாரும் பார்க்காதது. அந்த வாரம் ஹார்லன் தரையில் நடக்கவில்லை. மார்லிஸ் ஏலக்காய் ரொட்டி சுட்டு ஷிப்டில் இருந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். "அடுத்தது எடைக்காரன்" என்றான் ஹார்லன். "அவனும் நம்ம கையிலதான் மாட்டுவான், பாத்துக்கிட்டே இரு." அவனுக்குக் கடைசிவரை வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எடையைக் கொடுக்கிற அந்தத் துகள் இருக்கிறதா என்று தெரிய வேண்டும், எங்கள் வளையம் அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஒரு பிப்ரவரி வாரத்தில், ஹார்லன் சேமிப்பைத் தொலைத்தான். தவறான வரிசையில் எதையோ அழுத்திவிட்டான். அனுபவசாலிக்கும் நடக்கிறதுதான். மறுநாள் டோனட் பெட்டியோடு வந்தான். எல்லாரும் கேலி பேசித் தின்றார்கள். அதற்கடுத்த நாளும் பெட்டியோடு வந்தான். "நேத்து தொலைச்சதுக்குடா" என்றான். ஜோக்கடிக்கிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டுத் தின்றார்கள். மூன்றாம் நாளும் பெட்டி வந்தபோது யாரும் தொடவில்லை.

காஸ் வோய்சிக் அன்று சாயங்காலம், மார்லிஸ் இன்னும் வேலை பார்த்துவந்த பல் மருத்துவர் வாசலில் வந்து நின்றான். காஸ், சிகாகோவின் போலந்துக்காரர் தெருவில் வளர்ந்தவன், பெரிய தொண்டை, கிட்டத்தட்ட முப்பது வருடமாக ஹார்லனுக்குப் பக்கத்து நாற்காலி. வாயை மூடிக்கொண்டு நின்ற காஸை மார்லிஸ் அதுவரை பார்த்ததில்லை.

"என்ன காஸ், பல்லு வலியா?"

"இல்ல மார்லிஸ். ஹார்லன்... டோனட் வாங்கிட்டு வர்றான்."

"அதுக்கு என்ன?"

"தினமும் வாங்கிட்டு வர்றான். ஒரே தப்புக்கு."

மார்லிஸுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி கார் சாவியைப் பையில் துழாவிக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டு தடவை போட்ட உப்பு, எதிர்வீட்டுக்காரரின் மறந்துபோன பேர், பூட்டாத கதவு எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

நரம்பு மருத்துவர் ஒரு காகிதத்தைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். ஹார்லன் அழகான வட்டம் போட்டான். எண்கள் எழுத வேண்டிய இடத்தில் ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று ஆறு எழுத்துகளைச் சம இடைவெளியில் எழுதி நிமிர்ந்தான். வளையத்தின் ஆறு பகுதிகளுக்கும் அவைதான் பேர். மருத்துவருக்கு அது தெரியாது. மார்லிஸுக்குத் தெரியும். ஒன்றுகூடத் தப்பில்லை என்று அந்த மருத்துவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஹார்லன் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னான். அவனே ஓட்டுகிற கார், அன்று அவள் ஓட்டினாள்.

"மார்லிஸ், எனக்கு ஒண்ணு மட்டும் பண்ணு."

"சொல்லு."

"எடைக்காரன் கிடைச்சா சொல்லு. கிடைக்கலன்னாலும் சொல்லு. பொய் மட்டும் சொல்லாத. ஆசுபத்திரில நோயாளிகிட்ட பேசுற மாதிரி எங்கிட்ட பேசாத."

"சரி."

"நான் மறந்துட்டா?"

"மறந்துட்டா மறுபடி சொல்றேன்."

"எத்தனை தடவை?"

"நீ எத்தனை தடவை கேட்டாலும்" என்றாள் மார்லிஸ். வாழ்க்கையில் அவள் கொடுத்த வாக்குகளிலேயே மோசமானது அதுதான். அன்றைக்கு அது அவளுக்குச் சுலபமாகத் தோன்றியது.

அவன் வேலையை விட்டான். காலையில் எழுந்ததும் "கிடைச்சுதா?" என்று கேட்பான். "இன்னும் இல்ல" என்பாள். "சரி, தேடட்டும்" என்று காபியை எடுத்துக்கொள்வான். அந்த இரண்டு வருடம் அவர்களுக்கு அப்படியொன்றும் மோசமில்லை. தேடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

பிறகு வளையத்தையே நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. இன்னும் மூன்று வருடம் ஓட்டினால் எடைக்காரனைப் பிடித்துவிடலாம் என்று விஞ்ஞானிகள் மன்றாடிப் பார்த்தார்கள். பணம் இல்லை என்று பதில் வந்தது. நல்ல ஜெனீவாவில் புதிய வளையம் ஓட ஆரம்பித்துவிட்டது, எங்களைப்போல மூன்று நாலு மடங்கு ஓங்கி அடிக்கிறது, பழையதை எதற்குக் கட்டி அழுவது என்று வாஷிங்டனில் யாருக்கோ தோன்றியிருக்கும். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வயிற்றெரிச்சலுக்கு நியாயம் தெரியுமா?

இரண்டாயிரத்துப் பதினொன்றில், செப்டம்பர் கடைசி நாள், பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். மார்லிஸ் அவனைக் கூட்டிப்போனாள். கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் ஹார்லனின் முதுகு நிமிர்ந்தது. திரையில் என்னென்ன ஓடுகிறது என்று அவளுக்குக் காதில் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு எண்ணும் தப்பவில்லை. பிறகு பொத்தானை அழுத்தினார்கள். திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு ஒரே வீச்சில் கீழே விழுந்து தரையோடு படுத்துக்கொண்டது. மிச்சம் மீதி எதிர்ப்புரோட்டான் எல்லாம் போயிற்று.

"டோனட் யாரு வாங்குறது?" என்று ஹார்லன் சத்தமாகக் கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நடுவிலேயே உடைந்துபோயிற்று. காஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். இத்தனை வருடச் சேமிப்பைத் தொலைத்ததற்கு யாராவது டோனட் வாங்கித்தான் இருக்க வேண்டும். யாரும் வாங்கவில்லை.

வளையம் நின்றாலும் அதுவரை சேர்த்த மோதல் கணக்குகள் இருந்தன. அவற்றை அலசிக்கொண்டே இருந்தார்கள். மறு வருடம் ஜூலை பிறந்ததும் முடிவைச் சொன்னார்கள். கணக்கை வரைந்த கோட்டில், தேடிய இடத்தில் ஒரு மேடு தெரிகிறது. தரை மட்டமாக இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் உப்பியிருக்கிறது. ஆனால் தற்செயலாகவும் அவ்வளவு உப்பலாம். இந்தத் தொழிலில், தற்செயலுக்கு லட்சத்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை என்று காட்டினால்தான் 'கண்டுபிடித்தோம்' என்ற வார்த்தையை வாயில் எடுக்கலாம். எங்கள் மேட்டுக்கு அந்த உயரம் இல்லை. மூன்று வருடம் கொடுத்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ. "இன்னும் இல்ல" என்றே மார்லிஸ் அன்றும் சொன்னாள். அது பொய் இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று காலை, முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றும்போது ரேடியோ சொல்லிவிட்டது. ஜெனீவாவில் துகள் கிடைத்துவிட்டது. மார்லிஸ் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். பின்கதவு வழியாகக் காஸ் உள்ளே வந்தான். சவரம் செய்யாத முகம், சிவந்த கண்.

"கேட்டியா?"

"இப்பதான்."

"எருமைங்க மேயிற காட்டுல முப்பது வருஷம் தவங்கிடந்தோம். வரம் பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு" என்றான் காஸ். "அவன்கிட்ட நீயே சொல்லு. என்னால ஆகாது."

ஹார்லன் அரைக்கால் சட்டையோடு வந்து உட்கார்ந்தான். காஸைப் பார்த்துச் சிரித்தான். பிறகு வழக்கமான கேள்வி.

"கிடைச்சுதா?"

மார்லிஸ் அவன் எதிரில் உட்கார்ந்தாள். "கிடைச்சிடுச்சு ஹார்லன். இருக்கு. ஜெனீவால கண்டுபிடிச்சுட்டாங்க."

அவனுடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. நாற்காலி பின்னால் விழ எழுந்து நின்றான். காஸின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான்.

"சொன்னேன்ல? நம்ம கையிலதான் மாட்டுவான்னு சொன்னேன்ல? எந்த ஷிப்டுடா? யாரு நாற்காலில இருந்தா?"

காஸ் மார்லிஸைப் பார்த்தான். அவள் காஸைப் பார்த்தாள். வீடு இருப்பது ஜெனீவாவில்தானே, அவன் வேறு எதை நினைப்பான்?

"நல்ல ஷிப்டுதான்டா" என்றான் காஸ்.

வெளியே தெருக்குழந்தைகள் சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஹார்லன் வாசலுக்கு ஓடி, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "கிடைச்சிடுச்சு, தெரியுமா?" என்றான். சுதந்திர தின உற்சாகம் என்று நினைத்து அவர்களும் கையாட்டினார்கள். மார்லிஸ் கதவுக்குப் பின்னால் நின்று, இந்த ஒரு நாள் இப்படியே போகட்டும், இந்த ஒரு நாள் மட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

ஊர்வலம் தெருமுனையைத் தாண்டிய பிறகு ஹார்லன் திரும்பினான். உதட்டோரத்தில் அந்தப் பழைய குறும்புச் சிரிப்பு. பழக்கதோஷம்தான், அவன் எதையும் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை.

"எந்த ஜெனீவா? நல்லதா, நம்மளதா?"

காஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். மார்லிஸ் வாக்குக் கொடுத்தவள்.

"நல்லது" என்றாள்.

சிரிப்பு போக நேரம் எடுத்தது. முதலில் கண்ணிலிருந்து போயிற்று, வாய் மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தான். "ஓ" என்றான். பிறகு, "இருக்குன்னு தெரிஞ்சுதே, அது போதும்" என்றான். பிறகு அழுதான். அறுபத்தைந்து வயது ஆள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினான். மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். துக்கத்தை ஒரு தடவை அழுது தீர்த்துவிட்டால் பிறகு ஆறும் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

மறுநாள் காலை எழுந்து வந்து, "கிடைச்சுதா?" என்றான்.

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் காலையில் கேள்வி, தினமும் "கிடைச்சிடுச்சு", தினமும் அந்த வெளிச்சம். ஒரு காபி முடிவதற்குள் "எந்த ஜெனீவா?" அப்புறம் "ஓ". ஆறவில்லை. மறந்து மறந்து ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே வலித்தது. வெறும் ஜெனீவா என்று சொல்லாமல் முதலிலேயே நல்ல ஜெனீவா என்று சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொன்னால் அந்தக் கொஞ்ச நேர வெளிச்சமும் இல்லை, நேராக "ஓ"தான். அந்த வெளிச்சத்தையாவது பார்க்க வேண்டும் என்று அவள் பழையபடியே சொல்ல ஆரம்பித்தாள். அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

காஸ் ஒருநாள் வெடித்தான்.

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா மார்லிஸ்? தினம் ஒருத்தனை எழுப்பி உங்கப்பா செத்துட்டாருன்னு சொல்ற மாதிரி இருக்கு. நம்மளதுன்னு சொல்லித் தொலையேன். யாரு கேஸு போடப் போறா?"

"பொய் சொல்லாதன்னு கேட்டான்."

"அதைக் கேட்டது வேற ஹார்லன்."

"எனக்கு இருக்கிறது ஒரு ஹார்லன்தான்" என்றாள் மார்லிஸ். "இத்தனை வருஷத்துல அவன் எங்கிட்ட கேட்டதே இது ஒண்ணுதான் காஸ். தெரியணும், அவ்வளவுதான்னான். வேற எதுவும் கேக்கலை." அவளுக்கும் அழுகை வந்தது. தெரிந்தால் போதும் என்று வாழ்ந்தவனுக்குத் தெரிந்துகொள்வதையே பிடுங்கிக்கொண்ட கடவுள்மேல் அவளுக்கு அப்படியொரு கோபம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதை அந்த மாதத்தோடு விட்டுவிட்டாள்.

ஆனாலும் காஸ் சொன்னது மனசில் கிடந்து அரித்தது. முதல் பனி விழுந்த ஒரு காலை, "எந்த ஜெனீவா?" என்று அவன் சிரித்தபோது, "நம்மளதுதான்" என்று சொல்லிவிட்டாள்.

ஹார்லன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வளையத்தை நிறுத்திட்டாங்களே" என்றான் மெதுவாக. "நான் பாத்தேனே. கோடு விழுந்துச்சே."

காலையில் என்ன சாப்பிட்டான் என்று தெரியாதவனுக்கு அது எப்படித் தங்கியதோ. அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"நீயுமா மார்லிஸ்?" என்றான்.

அன்று முழுக்க அவள் கொடுத்த எதையும் சாப்பிடவில்லை. தட்டைப் பார்ப்பான், அவள் முகத்தைப் பார்ப்பான், நகர்த்திவிடுவான். மறுநாள் அவன் மறந்துவிட்டான். அவளால்தான் மறக்க முடியவில்லை. இந்த வீட்டில் மறக்காமல் இருக்கிற வேலை அவளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. அதன்பிறகு அவள் பொய் சொல்லவே இல்லை. "நல்லது" என்பாள், முதுகைத் தடவுவாள், ஆறிப்போன காபியைச் சூடு பண்ணுவாள். படுக்கப் போகும்போது, நாளைக்கு அந்தக் கேள்வி வரக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொள்வாள். ஒரே ஒரு நாள் வராமல் இருந்தால் போதும்.

குளிர் போயிற்று. புல்வெளியில் பழைய புல்லைக் கொளுத்துகிற புகை ஊர்மேல் வந்தது. ஹார்லன் இளைத்துக்கொண்டே போனான். சட்டைகள் தோளில் நிற்கவில்லை. காஸைச் சில நாள் அடையாளம் தெரிந்தது, சில நாள் யாரோ குழாய் ரிப்பேர்காரன் என்று நினைத்து அடுக்களைத் தொட்டியைக் காட்டினான். காஸும் குனிந்து பார்த்துவிட்டு, "சரி பண்ணியாச்சு சார்" என்று சொல்லிவிட்டு, வெளியே போய்த் தன் வண்டியில் உட்கார்ந்திருப்பான். மார்லிஸை மட்டும் ஹார்லன் ஒருநாளும் விட்டதில்லை. பேர் வராவிட்டாலும் "ஏய்" என்பான், "நீ எங்க போயிட்ட?" என்பான்.

ஏப்ரலில் ஒரு காலை அவன் வந்து உட்கார்ந்தான். காபியைக் குடித்தான். ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். ஜன்னலுக்கு வெளியே வாத்துக்கூட்டம் ஒன்று ஆற்றுப்பக்கம் இறங்குவதைப் பார்த்தான். கேட்கவில்லை.

மார்லிஸ் காத்திருந்தாள். இன்னொரு கோப்பை ஊற்றினாள். அதையும் குடித்தான். கேட்கவில்லை. எந்தக் கேள்வி வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டாளோ அது வரவில்லை. சந்தோஷப்பட வேண்டியவளுக்குப் பயம்தான் வந்தது. மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். கடைசியில் அவளே ஆரம்பித்தாள்.

"ஹார்லன், கிடைச்சிடுச்சு."

அவன் திரும்பினான்.

"ஜெனீவால கண்டுபிடிச்சுட்டாங்க" என்றாள். கேளு, என்று மனசுக்குள் கெஞ்சினாள். எந்த ஜெனீவான்னு கேளு.

அவன் முகம் மலர்ந்தது. மருத்துவரிடம் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சொல்கிற நல்ல செய்திக்கு மலர்கிற முகம்.

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்றான் மரியாதையாக. "நீங்க என்ன தொலைச்சீங்க?"